புளியங்கொட்டையில் கட்டிப் பார்க்கும் வீடு

கேள்வி: மண்டபத்துக்கு அருகில் எங்கள் மீனவர் குடியிருப்பில் புதிய வீடுகள் கட்டுவது பற்றிப் பேச வந்த பயிற்சியாளர் ஒருவர், ஆளுக்கொரு வேடம் ஏற்று விளையாடச் சொல்கிறார். வீடில்லாதவர்களிடம் விளையாட்டா என்று என் கணவர் வருந்துகிறார். இதனால் பயன் உண்டா?
– வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் கணவரின் வருத்தம் நியாயமானது. ஆனால், கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டிச் சம்மதமா என்று கேட்டால் தலையாட்டிவிட்டு, குடி போன பிறகு வலையை எங்கே வைப்பது என்று தவிப்பதைவிட, முன்கூட்டியே மணலில் வாழ்ந்து பார்ப்பது நல்லது.

குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடு கட்ட உதவும் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. கடற்கரையில் 20 அடிக்கு 18 அடி கயிறு கட்டி, பத்தாயிரம் ரூபாய்க்கு ஒன்றாக 35 புளியங்கொட்டைகளைப் பணமாகக் கையில் கொடுத்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். கடல்பாசி எடுக்கும் பெண் பொறியாளராகவும், ஊராட்சித் தலைவர் முழங்கால் வலியுள்ள மாமியாராகவும், படகோட்டி வீட்டுக்காரியாகவும் மாற வேண்டும். அவரவர் வேடத்தை அவரவரே ஏற்றால் பழைய வாக்குவாதமே திரும்ப வரும்.

நான் பார்த்த ஓர் ஆட்டத்தில், வீட்டுக்காரியாக நடித்த படகோட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு தண்ணீர்க் குடங்களோடு கயிற்றுச் சமையலறைக்குள் நுழைந்து, இறக்கி வைக்க இடமில்லாமல் அப்படியே நின்றார். பிறகு அவரே குனிந்து கயிற்றை அவிழ்த்துச் சுவரை நகர்த்தினார். கச்சான் காற்றில் மணல் அடுப்பில் விழும் என்று சொல்லி, வாசலையும் திருப்பிக் கட்டினார்.

இரண்டாவது சுற்றைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் உயிர். பத்து ஆண்டுகள் கழிந்ததாக வைத்து, உப்புக் காற்றைக் கொண்டுவர வேண்டும். உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து காரையை உதிர்க்கும். கடல்மணலைக் கலந்து கட்டிய வீட்டில் இது இன்னும் விரைவாக நேரும். முகப்பு ஓடுகளுக்குக் கொட்டைகளைச் செலவழித்தவர், கம்பியை மூடும் கலவையின் கனத்திலும் நல்ல மணலிலும் சிக்கனம் பார்த்ததை அப்போதுதான் உணர்வார். நிலைத்து நிற்கும் வீடு என்பது என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிராது.

கேள்வி: விளையாட்டில் முடிவானதை அதிகாரிகள் ஏற்பார்களா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: விளையாட்டுக்குச் சட்ட வலு இல்லை, ஆகவே கயிற்றை அவிழ்க்கும் முன் அளவுகளைத் தாளில் குறித்து, ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைச் சொல்லும் வேடம் ஒன்றும் ஆட்டத்தில் இருக்கட்டும். கட்டக் கூடாத இடத்தில் கயிறு கட்டினால் அந்த வேடக்காரர் உடனே எழுந்து தடுக்க வேண்டும்.