கைப்பிடி யாரிடம், மீட்டர் யாரிடம்?

வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பல, ஆலைப் பணியாளர்களைப் பழக்கி இயந்திரங்களின் ஆற்றல் செலவைக் குறைப்பது எப்படி என்ற ஒரே பொருளைப் பற்றியவை. ஆகையால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, அவர்கள் பார்க்கும் வேலையை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: சென்ற ஆண்டு வெளியிலிருந்து ஒரு வல்லுநரை வரவழைத்து, 60 பேருக்கு 2 நாள் ஆற்றல் சிக்கனப் பயிற்சி நடத்தினோம். எல்லோருக்கும் சான்றிதழும் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மின்சாரச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. "இனியும் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டுமா?" என்று நிர்வாகம் கேட்கிறது. நான் என்ன பதில் சொல்வது?
— உற்பத்திப் பிரிவு மேலாளர்

பதில்: அந்த 60 பேரும் அந்த 2 நாட்களில் தங்கள் இயந்திரத்தின் அருகே எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். பெரும்பாலான பயிற்சிகளில் இதற்கு விடை பூச்சியம்தான். ஆற்றலை ஏன் சேமிக்க வேண்டும் என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார். மறுநாள் காலை வேலைக்குத் திரும்பியதும், எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பது அவருக்கு முன்பு தெரிந்த அளவே தெரிந்திருக்கும்.

காற்றை அழுத்திக் குழாய் வழியே இயந்திரங்களுக்கு அனுப்பும் கம்ப்ரெசரை எடுத்துக்கொள்வோம். காற்றுக் குழாயின் கடைசியில் இருக்கும் இயந்திரத்துக்குக் காற்றழுத்தம் போதவில்லை என்று தொலைபேசி வருகிறது. ஆபரேட்டர் அழுத்தச் செட்டிங்கை அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கூட்டுகிறார், புகார் நின்றுவிடுகிறது. அடைத்துப்போன ஃபில்டரோ நசுங்கிய ஹோஸோ காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் அதை யாரும் தேடுவதில்லை. கூட்டியதைக் குறைக்கச் சொல்லியும் யாரும் வருவதில்லை. அடுத்த புகாருக்கு இன்னோர் அரை பார். 7 பார் அளவில் ஓடும் கம்ப்ரெசரில் ஒரு பார் கூடினால் மின்செலவு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் கூடும் என்பதோடு, அழுத்தம் ஏறிய அளவுக்கு ஒவ்வொரு கசிவிலும் வெளியேறும் காற்றும் கூடும். இருந்தாலும் அந்த ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லைன் நின்றால் அவரைக் கேட்பார்கள். மின்கட்டணம் ஏறினால் அவரை யாரும் கேட்பதில்லை, அந்த மீட்டரை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை. கைப்பிடி அவரிடம் இருக்கிறது, மீட்டர் வேறொருவரிடம் இருக்கிறது. இந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு நடத்தப்படும் பயிற்சி, எவ்வளவு சிறந்த வல்லுநர் வந்தாலும், சான்றிதழோடு முடிந்துவிடும்.

ஆகவே நிர்வாகத்திடம் இப்போதைக்கு ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் கேட்டு வாங்குங்கள். உற்பத்தி முழுவதும் நின்றிருக்க வேண்டும். கம்ப்ரெசர் மட்டும் ஓட வேண்டும். காற்றுக் குழாய்களின் வால்வுகள் வழக்கம்போலத் திறந்திருக்க வேண்டும். ஆபரேட்டர்கள், ஃபிட்டர்கள், லைன் மேற்பார்வையாளர்கள் எனப் பத்துப் பேர் ஒரு கடிகாரத்தோடு நிற்கட்டும். கம்ப்ரெசர் லோடில் (காற்றை அழுத்தியபடி) எத்தனை விநாடி ஓடுகிறது, அன்லோடில் (காற்றை அழுத்தாமல்) எத்தனை விநாடி இருக்கிறது என்று ஏழெட்டுச் சுற்றுகளுக்குக் குறித்துச் சராசரி எடுக்கட்டும். லோடில் 90 விநாடி, அன்லோடில் 180 விநாடி என்று வந்தால், மொத்தம் 270 விநாடியில் 90 விநாடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. காற்றைப் பயன்படுத்த ஓர் இயந்திரமும் ஓடாதபோது அவ்வளவும் கசிவுதான். நிமிடத்துக்கு 10 கன மீட்டர் தரும் கம்ப்ரெசர் என்றால் 3 கன மீட்டருக்கு மேல் சுவரில் மோதிக்கொண்டிருக்கிறது. பராமரிப்புக் குறைந்த ஆலைகளில் 20 முதல் 30 சதவீதக் கசிவு வழக்கமாகவே காணப்படுவதுதான். உங்கள் ஆலையில் அது எவ்வளவு என்பதைப் பத்துப் பேர் தாங்களே எண்ணிச் சொல்வது வேறு.

பிறகு சோப்பு நீரும் தூரிகையும் அடையாள அட்டைகளும் கொடுத்து, இருவர் இருவராக அனுப்புங்கள். இரைச்சல் இல்லாத கூடத்தில் சீற்றம் காதுக்கே கேட்கும். கசிவைக் கையால் தடவித் தேட மட்டும் விடாதீர்கள். அழுத்தக் காற்று தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடியது. 3 மில்லிமீட்டர் துளை ஒன்று 7 பார் அழுத்தத்தில் 3 முதல் 4 கிலோவாட் வரை மின்சாரத்தைத் தின்னும் என்பதை, அப்படியொரு துளையின் முன்னே நிற்கும்போது சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அது இன்னோர் எண்ணாகப் போய்விடும். அடைத்து முடித்ததும் அதே பத்துப் பேர் அதே கடிகாரத்தோடு மீண்டும் எண்ணட்டும். 90 விநாடி 40 ஆகக் குறைவதை அவர்களே பார்க்கட்டும். டொயோட்டா நிறுவனம் தன் ஆலைகளில் 'புதையல் வேட்டை' என்ற பெயரில் இத்தகைய தேடலை நடத்தி வந்திருக்கிறது. அதை ஆலை ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவதற்குக் காரணமும் இதுவே. எதுவும் ஓடக்கூடாத நேரத்தில் எது ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இறுதியாக, காற்றுக் குழாயின் கடைசி முனையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்துங்கள். செட்டிங்கை மாற்றுபவர் காரணத்தை லாக்புக்கில் எழுத வேண்டும் என்றும், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் ஒரு ஃபிட்டர் காரணத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்றும் விதியாக்குங்கள். ஆபரேட்டருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்க நிர்வாகத்துக்கு விருப்பம் இல்லையென்றால், பயிற்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

கேள்வி: நான் 18 ஆண்டுகளாகப் பாய்லர் ஓட்டுகிறேன். புதிதாக வந்த பொறியாளர், பயிற்சி என்ற பெயரில், உள்ளே விடும் காற்றைக் குறைக்கச் சொல்கிறார். காற்றைக் குறைத்தால் கரும்புகை வரும் என்பது எனக்குத் தெரியும். இப்போது புகையே தெரியாமல் நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது. யார் சொல்வது சரி?
— பாய்லர் ஆபரேட்டர்

பதில்: இருவர் சொல்வதும் சரி, நீங்கள் இருவரும் ஒரே அளவின் இரு முனைகளில் நின்று பேசுகிறீர்கள். காற்றுப் போதாவிட்டால் எரிபொருள் முழுமையாக எரியாமல் கரும்புகை வரும், அதை உங்கள் கண் காட்டிக்கொடுக்கும். காற்று மிகுந்தாலோ, எரிதலுக்குத் தேவைப்படாத அந்த உபரிக் காற்றும் சூடேறிப் புகைபோக்கி வழியே வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. புகைபோக்கி தெளிவாக இருப்பது காற்றுக் குறையவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதைப் புகைவாயுவில் உள்ள ஆக்சிஜனை அளந்துதான் அறிய முடியும். இயற்கை வாயுவில் எரியும் பாய்லருக்கு முழுச்சுமையில் 2 முதல் 3 சதவீதம் ஆக்சிஜன் போதுமானது. நிலக்கரி, மரம் போன்ற திட எரிபொருளுக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

அந்தப் பொறியாளர் 'குறையுங்கள்' என்று வாயால் சொன்னதுதான் பிழை. அளவுக் கருவியை உங்கள் கையில் கொடுத்து, ஆக்சிஜனையும், எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வைத்து, காற்றைச் சிறுகச் சிறுகக் குறைத்துக் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. மோனாக்சைடு சட்டென்று ஏறத் தொடங்கும் புள்ளியை ஒவ்வொரு சுமையிலும் கண்டறிந்து, காற்றளவை அதற்குச் சற்று மேலே பாதுகாப்பான இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பர்னர் சரிசெய்வதற்குத் தகுதி பெற்றவர் உடன் இருக்க வேண்டும்.

நீங்கள் தனியாகவே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. புகைபோக்கியின் வெப்பநிலையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சுமையோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். ஒரே சுமையில் அது வாரத்துக்கு வாரம் ஏறினால், குழாயின் ஒரு புறம் கரியோ மறுபுறம் உப்புப் படிவோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் குறைந்தால் பாய்லரின் திறன் ஒரு சதவீதம் உயரும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. ஈரமான எரிபொருள் வந்தால் சுடர் எப்படி மாறும், நீராவித் தேவை எந்த நேரத்தில் திடீரென்று ஏறும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவற்றை அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். நல்ல பயிற்சி இரு பக்கமும் ஓட வேண்டியது.

கேள்வி: எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டுமா, சிலருக்கு மட்டும் போதுமா? ஆற்றல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 50001 சான்று பெற வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.
— மனிதவளப் பிரிவு அலுவலர்

பதில்: 2011-இல் வெளிவந்து 2018-இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை, விழிப்புணர்வையும் தகுதியையும் தனித்தனியாகவே கேட்கிறது. விழிப்புணர்வு எல்லோருக்கும்; அதற்கு அரை மணி நேரம் போதும். தகுதி, தம் வேலையால் ஆற்றல் செலவைக் கூட்டவோ குறைக்கவோ கூடியவர்களுக்கு. அவர்களுக்கே மீதி நேரத்தையும் பணத்தையும் செலவிடுங்கள். இயந்திரங்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும் பிரிவினரை அந்தப் பட்டியலில் மறந்துவிடுகிறார்கள். ஒரு மோட்டாருக்கு அதன் ஆயுள் முழுவதும் ஆகும் மின்செலவோடு ஒப்பிட்டால் வாங்கும் விலை மிகச் சிறியது. விலையை மட்டும் பார்த்து வாங்கியவரின் முடிவைக் கீழே நிற்கும் ஆபரேட்டர் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் திருத்த முடியாது.

கேள்வி: பம்புகளுக்கெல்லாம் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) போட்டால் மின்சாரம் பாதியாகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். உண்மைதானா?
— மின்பராமரிப்பாளர்

பதில்: பாதி உண்மை. குழாயில் உராய்வை மட்டுமே எதிர்த்து ஓடும் பம்பிலும் விசிறியிலும், தேவைப்படும் மின்திறன் வேகத்தின் முப்படியைப் பொறுத்துக் குறையும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்திறன் ஏறத்தாழ 51 சதவீதமாகிவிடும். அந்தக் கணக்கைத்தான் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பம்பின் வேலையில் பெரும்பகுதி நீரை உயரே ஏற்றுவதாக இருந்தால் இந்த முப்படிக் கணக்கு பொருந்தாது. வேகத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் நீரே ஏறாது. எப்போதும் முழுச்சுமையில் ஓடும் பம்புக்கு வி.எஃப்.டி. பொருத்தினால், அந்தக் கருவியே சில சதவீதத்தை எடுத்துக்கொள்வதால், செலவு கூடவும் செய்யும்.

ஆகவே பட்டியல் போடுவதற்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள். பம்பின் வெளியேற்ற வால்வு பாதி மூடியே கிடக்கிறதா, திறந்திருக்கிறதா? ஆண்டுக்கணக்காகப் பாதி மூடியே கிடந்தால், தேவைக்கு மிஞ்சிய பம்ப் ஒன்று தனக்குத்தானே முட்டுக்கட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறது. தேவை மாறாமல் நிலையாக இருந்தால் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்குவதே மலிவான வழி. நேரத்துக்கு நேரம் மாறினால் வி.எஃப்.டி.யைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: பயிற்சிக்குப் பிறகு ஒரு டன்னுக்கு ஆகும் மின்சாரம் 500 யூனிட்டிலிருந்து 400 யூனிட்டாகக் குறைந்துவிட்டது. இதைப் பயிற்சியின் வெற்றி என்று எழுதலாமா?
— ஆற்றல் மேலாளர்

பதில்: அதே காலத்தில் உற்பத்தி எவ்வளவு உயர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் தயங்குகிறேன். வாரந்தோறும் ஆன யூனிட்டுகளையும் உற்பத்தியான டன்களையும் ஒரு வரைதாளில் புள்ளிகளாக வைத்து, அவற்றினூடே ஒரு நேர்கோடு வரையுங்கள். உங்கள் கோடு, 30,000 யூனிட் நிலையான செலவு, அதற்கு மேல் டன்னுக்கு 200 யூனிட் என்று அமைவதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 100 டன் உற்பத்தியில் மொத்தம் 50,000 யூனிட், டன்னுக்கு 500. உற்பத்தி 150 டன்னானால் மொத்தம் 60,000, டன்னுக்கு 400. யாரும் எதையும் கற்காமலே, ஒரு கசிவும் அடைபடாமலே, நீங்கள் சொல்லும் வெற்றி கிடைத்துவிடுகிறது. 150 டன் உற்பத்தியான வாரத்தில் 56,000 யூனிட்தான் ஆனது என்று காட்ட முடிந்தால், கோடு சொல்வதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலுள்ள அந்த 4,000 யூனிட்டைத்தான் நீங்கள் உரிமை கோரலாம்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். முதல் கடிதம் எழுதிய மேலாளரின் ஆலையில் அந்த ஆறு மாதத்தில் உற்பத்தி எப்படி இருந்தது என்று பார்க்காமல், அவருடைய பயிற்சியைப் பயனற்றது என்று முழுமையாகத் தள்ளிவிடவும் முடியாது. அந்தக் கோடு அச்சைத் தொடும் இடத்தையும் பாருங்கள். உற்பத்தியே இல்லாதபோதும் ஆகும் அந்த 30,000 யூனிட்டில்தான் பணியாளர்களின் கைக்கு எட்டும் சேமிப்பு பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

கேள்வி: குறைந்த மின்சாரத்தில் ஓட்டும் ஷிஃப்டுக்குப் பரிசு தரலாமா?
— ஷிஃப்ட் மேற்பார்வையாளர்

பதில்: வேண்டாம். நச்சுப்புகையை வெளியேற்றும் விசிறியை நிறுத்திவிட்டுப் பரிசு வாங்குவதும் நடக்கும். அதற்குப் பதிலாக, மின்சாரத்தைக் குறைக்க யோசனை சொன்னவருக்கு, அது ஏற்கப்பட்டதா இல்லையா, ஏன் என்ற பதிலை ஒரு வாரத்துக்குள் தாருங்கள்.

கேள்வி: பகல் ஷிஃப்டுக்குக் கற்றுக்கொடுத்ததை இரவு ஷிஃப்ட் அறிவதில்லை, கற்றவரும் ஓராண்டில் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார். என்ன செய்வது?
— பயிற்சிப் பொறுப்பாளர்

பதில்: 1940-களில் அமெரிக்காவில், போர்க்காலத்தில் ஆலைகளுக்குப் புதிதாக வந்தவர்களை விரைவாகப் பழக்குவதற்காக 'ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டம் நடந்தது. அதில் பணியாளருக்குக் கற்பிப்பவர் வகுப்பறை ஆசிரியர் அல்ல. மேற்பார்வையாளரே இயந்திரத்தின் அருகில் வைத்துக் கற்பிப்பார். கற்பவரை ஆயத்தப்படுத்துவது, செய்துகாட்டுவது, அவரையே செய்யவைப்பது, பிறகு தொடர்ந்து போய்ப் பார்ப்பது என்ற நான்கு படிகளில் கடைசியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். இரவு ஷிஃப்டின் மேற்பார்வையாளருக்கு இந்த முறையைப் பழக்கிவிட்டால், பகலில் நடப்பதற்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆள் மாறுவதற்கு மருந்து ஒரு தாள்தான். ஒவ்வொரு பெரிய இயந்திரத்தின் அருகிலும், சரியான செட்டிங்குகளை எழுதிய தாள் ஒன்று தொங்கட்டும்: கம்ப்ரெசரின் அழுத்தம், பாய்லரின் ஆக்சிஜன் அளவு, குளிர்விப்பானிலிருந்து வெளியேறும் நீரின் வெப்பநிலை. பல ஆலைகளில் இந்தத் தாள் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் எண் மட்டும் இருப்பதால், புதிதாக வருபவர் முதல் புகாரிலேயே அதை மாற்றிவிடுகிறார். எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேருங்கள். ஏன் இந்த அளவு என்பது ஒன்றில். இதை மாற்ற நேர்ந்தால் முதலில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்றில். அவற்றைப் பொறியாளர் எழுத வேண்டாம். அந்த இயந்திரத்தை ஓட்டுபவரே தம் சொற்களில், தம் கையெழுத்தில் எழுதட்டும்; அவர் வேறு பிரிவுக்குப் போகும் வாரத்தில், அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டு அவரிடமே சந்தேகம் கேட்கட்டும்.