தங்கத்துக்கு அடியில் தெரியும் சிவப்பு

அன்புள்ள ஐயா,

ஃப்ளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் பழைய தேவாலயப் பலிபீடப் படங்களைப் பார்த்தேன். பலவற்றில் தங்கத்தின் ஊடே சிவப்பு தெரிகிறது. வேண்டுமென்றே விட்டதா? ஜென்டீலே த ஃபாப்ரியானோவின் ‘ஞானிகளின் ஆராதனை’யில் (1423) மகுடங்கள் புடைத்து நிற்கின்றன. அவை உலோகமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேண்டுமென்று விட்டதில்லை, தேய்ந்தது. அந்தச் சிவப்பு ‘போல்’ என்ற வழவழப்பான செம்மண். தங்கத்தின் பளபளப்பில் பாதி அதன் கீழே இருப்பவற்றின் வேலைதான்.

பாப்லர் மரப் பலகையில் வஜ்ஜிரப் பசை தடவி, மெல்லிய துணி ஒட்டி, முதலில் கரடான ஜெஸ்ஸோ (பசையில் குழைத்த வெள்ளைச் சுண்ணப் பூச்சு) பூசுவார்கள். அதன் மேல் நைசான ஜெஸ்ஸோ. இதற்கான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிறையத் தண்ணீரில் ஒரு மாதமாவது ஊறவைத்து, தினமும் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் கல்லாக இறுகிவிடும். 1400 வாக்கில் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தன் கைவினை நூலில் குறைந்தது எட்டுப் பூச்சு சொல்கிறார். இளஞ்சூட்டில்தான் பூச வேண்டும். கொதித்தால் குமிழி வந்து ஊசித் துளைகள் விழும். மேல் பூச்சில் வஜ்ஜிரம் அதிகமானால் அது சுருங்கும்போது கீழ்ப் பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். காய்ந்ததும் கரித்தூள் தூவிச் சுரண்டினால் மேடு பள்ளம் காட்டிக்கொடுக்கும்.

பிறகு, அடித்துத் தெளியவைத்த முட்டை வெள்ளைக்கருவில் குழைத்த ‘போல்’ மண், நான்கு பூச்சு. அதை ஈரமாக்கித் தங்க ரேக்கை (மெல்லிய தகட்டை) வைத்து, பதம் பார்த்து நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ மெருகிடுவார்கள். ஈரம் மிகுந்தால் ரேக்கு கிழியும். அதிகம் காய்ந்துவிட்டாலோ மெருகே ஏறாது. மண் மிருதுவாக இருப்பதால்தான் தேய்க்கும்போது அமுங்கிக் கண்ணாடி போலாகிறது. வெறும் ஜெஸ்ஸோ மேல் ஒட்டினால் இந்த ஆழம் வராது.

ஒரு டூகாட் தங்க நாணயத்திலிருந்து 145 ரேக்கு அடிக்கிறார்கள், சமதளத்துக்கு 100-க்கு மேல் கூடாது என்பது சென்னினியின் கணக்கு. மெல்லிய ரேக்கு சீக்கிரம் தேயும். ‘போல்’ மண்ணும் தண்ணீருக்குக் கரையும். பிற்காலத்தில் ஈரத்துணியால் ‘சுத்தம்’ செய்தவர்கள் பல படங்களின் தங்கத்தைத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். அது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் இழப்பு.

மகுடங்கள் உலோகமில்லை. அதே ஜெஸ்ஸோவைத் தூரிகை நுனியால் சொட்டுச் சொட்டாக வைத்துப் புடைக்கச் செய்து, மேலே ரேக்கு ஒட்டியது. அடுத்த முறை படத்துக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்புகள் சதுரம் சதுரமாகத் தெரியும். அங்கே தங்கம் இரட்டை, அதனால் சிவப்பு கடைசியாகத்தான் எட்டிப்பார்க்கும்.