கீழ் இமை 10 நாளாகத் துடிக்கிறதா?
இடது கீழ் இமை 10 நாளாக விட்டுவிட்டுத் துடிக்கிறது, தினம் ஐந்து காபி, ஐந்து மணி நேரத் தூக்கம் என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. இமையை மூடும் வட்டத் தசையின் சில இழைகள் தானாகச் சுருங்குகின்றன. கண்ணாடியில் பார்த்தால் தோலுக்கடியில் ஏதோ நெளிவதுபோல் தெரியும், அவ்வளவுதான். காபியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தலைவலி பிடிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். தூக்கத்தை ஏழு மணி நேரமாக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் சிமிட்டல் குறைந்து கண் உலரும், அதுவும் துடிப்பைத் தூண்டும். அதற்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு போதும். சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம். துடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரை உதவும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கண் இறுக மூடிக்கொண்டாலோ, கன்னமோ வாயோ சேர்ந்து துடித்தாலோ, இமை தொங்கினாலோ உடனே கண் மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் மூன்று வாரம் வரை பொறுக்கலாம்.