தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம்

ஐயா,

போன சனிக்கிழமை கோத்தகிரியிலிருந்து மூன்று பேராக வந்தீர்கள். முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி பேசியது உங்கள் மச்சான்தான். உங்கள் மகள் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு பேசியது இரண்டே வரி: "கல்யாணப் படம் எடுக்கணும் சார். ஃபிலிமும் டிஜிட்டலும் சேர்த்து." நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியிருக்கக் கூடாது.

முதலில், மகளுக்காக நீங்கள் பார்த்திருக்கும் அந்த மேனேஜ்மென்ட் சீட். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டலோடு நாலு வருஷத்துக்கு 14 லட்சம், அதற்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை அடகு என்றீர்கள். பச்சை இலை விற்கிற விலையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இலை வட்டியைக்கூடக் கட்டாது. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பெண், அந்தப் படிப்பு வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள். வேண்டாம் என்ற பிள்ளைக்காக நிலத்தை அடகு வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். தவணைத் தேதியில் சொந்தக்காரர் யாரும் பேங்குக்கு வரப்போவதில்லை.

மச்சானின் கோபம் வேறு. இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவர். "ஃபேக்டரியையே மூடிட்டாங்க, இவ ஃபிலிம்ல சம்பாதிக்கப் போறாளாம்!" என்றார். அவர் வலி நியாயமானது. 1960இல் தொடங்கி 1967இலிருந்து ஃபிலிம் தயாரித்த இடம் அது. ஊட்டியில் எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. ஆனால் ஃபிலிம் தயாரிப்பது ஒரு தொழில், ஃபிலிமில் படம் எடுப்பது வேறொரு தொழில். அமெரிக்க ஃபிலிம் கம்பெனி கோடாக் 2012இல் திவால் மனு கொடுத்தது. அந்தப் பெயரில் ஃபிலிம் இன்றும் வருகிறது. 2024இல் பென்டாக்ஸ் புதிதாகவே ஒரு ஃபிலிம் கேமரா விட்டது. அதற்காக ஃபிலிம் மட்டும் சோறு போடும் என்று நான் சொல்லவில்லை. சோறு போடப்போவது டிஜிட்டல்தான். கூட்டத்தில் உங்கள் மகளைத் தனியாகக் காட்டப்போவது ஃபிலிம்.

அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விஸ்காம், ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பற்றியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதைச் சொல்ல ஆள் இல்லை.

விடிகாலை முகூர்த்தம், மண்டபத்துக்குள் மஞ்சளும் நீலமுமாக எல்இடி, சுற்றிப் புகை. தாலி கட்டுவது சில நொடி. அங்கே ஃபிலிமை நம்பினால் அடி வாங்க வேண்டியதுதான். இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற டிஜிட்டல் மட்டுமே அங்கே வேலைக்கு ஆகும். தாலி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்து, தேயிலைக்கு மேலே மூடுபனி இறங்குகிற வெளிச்சத்தில் நிற்கிறார்களே, அப்போது எடுக்க வேண்டும் ஃபிலிமை. கலர் ஃபிலிம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்துக்காகச் செய்தது. மண்டபத்துக்குள் நிறம் கெடும். உள்ளே வேண்டுமானால் கறுப்பு வெள்ளை.

நம் மலைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், படகர் ஊர்களில், அதாவது ஹட்டிகளில், கல்யாணம் என்றால் வெள்ளை உடை நிறைய. டிஜிட்டலில் வெள்ளை ஒருமுறை வெளுத்துப்போனால் துணியின் மடிப்பு திரும்பக் கிடைக்காது. அதனால் அதில் வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் வைக்க வேண்டும். நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். கலர் நெகட்டிவ் ஃபிலிம் நேர்மாறு. வெளிச்சம் ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு), இரண்டு ஸ்டாப் (நாலு மடங்கு) கூடினாலும் தாங்கும். குறைந்தால் நிழலெல்லாம் சேறு. வலது தோளில் தொங்கும் கேமராவுக்கு ஒரு கணக்கு, இடது தோளில் தொங்குவதற்கு அதற்கு எதிர்க்கணக்கு. ஒரே காலையில் இரண்டையும் குழப்பாமல் போடப் பழகுவதுதான் இந்த வேலை. பிறகு உட்கார்ந்து, ஸ்கேன் செய்த ஃபிலிமின் நிறத்துக்கு டிஜிட்டல் படங்களை இழுத்துவர வேண்டும். இல்லாவிட்டால் ஆல்பம் இரண்டு பேர் எடுத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று. கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம். மருந்து 20 டிகிரியில் இருந்தால் போதும். கோடையில் கோயம்புத்தூர்க்காரன் அதற்கு ஐஸ் கட்டி தேடுவான். உங்கள் வீட்டில் டிசம்பரில் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கலருக்கு 37.8 டிகிரி, அரை டிகிரி நகரக் கூடாது. அதை பெங்களூரு, சென்னை லேபுக்குக் கூரியரில் அனுப்புவதே நல்லது. மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்று புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வாங்கிக் கொடுங்கள்.

இப்போது காசு. நல்ல கலர் ரோல் ஒன்று ஆயிரத்தைத் தாண்டும். கழுவி ஸ்கேன் செய்தால் 1,500 வரை வரும். 36 படம், ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 40 ரூபாய். கல்யாணத்துக்கு ஐந்து ரோல் என்றால் 7,500. இதைக் கல்யாண வீட்டாரிடம் தனியாக, முன்பணமாக வாங்க வேண்டும். கையிலிருந்து போடுகிற பழக்கம் வந்தால் ஒரே சீசனில் கடை மூடிவிடும். இத்தனை ஃபிலிம் படம் தருவேன் என்று எண்ணிக்கை எழுதியும் கொடுக்கக் கூடாது.

கேமராவுக்குக் கடன் கூடாது. இதில் மகளுக்கும் கண்டிப்பு உண்டு. செகண்ட் ஹேண்டில் டிஜிட்டலுக்கு ஒரு நிக்கான் டிஎஸ்எல்ஆர், ஃபிலிமுக்கு அதே நிக்கானில் 1982இல் வந்த எஃப்எம்2 மாதிரி ஒரு பழைய பாடி, இரண்டுக்கும் பொருந்துகிற, கையால் ஃபோகஸ் செய்கிற ஒரே 50 எம்எம் லென்ஸ். வாங்கும்போது டிஎஸ்எல்ஆரில் இரண்டு கார்டு போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எம்2வின் ஷட்டர் பேட்டரி இல்லாமலே ஓடும், மலைக்குளிருக்குத் தோது. எல்லாம் சேர்த்து 60,000க்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

டிகிரியும் வேண்டும். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம் போடுங்கள், கொட்டேஷன் எழுத, வரி கட்ட உதவும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம்; மாதம் ஒரு ரோலுக்குக் கிட்டத்தட்ட ஆயிற்று. லீவு நாளில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் அசிஸ்டெண்டாகப் போகட்டும். லைட் பிடிக்கட்டும், பை தூக்கட்டும். குறைந்தது இருபது கல்யாணம் பார்க்கும்வரை தன் பெயரில் ஆர்டர் எடுக்கக் கூடாது. கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வீட்டில் ஃபிலிம் கழுவிப் பழகட்டும்.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள். ஃபேக்டரியில் கும்மிருட்டில் கைத்தடவலிலேயே வேலை பார்த்ததாகச் சொன்னார். ஃபிலிமைக் கழுவும் டாங்கில் சுற்றுவதும் அப்படித்தான். கண் உதவாது, விரல்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலுக்குக் கம்பளி போட்ட அறையில், வீணான ரோல் ஒன்றை வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று.