நூறு நாள் வேலை, பென்ஷன், ரேஷன் ரெக்கார்டை ஆடிட்டர் கேட்டா குடுத்தே ஆகணுமா? சம்மன் அனுப்புற பவர் அவங்களுக்கு இருக்கா?

கேக்குற அதிகாரம் இருக்கு. குடுக்கணும்ங்கிற கடமையும் சட்டத்துல இருக்கு. ஆனா ஒருத்தர் குடுக்காம இழுத்தடிச்சா என்ன செய்றதுங்கிற எடத்துல சட்டம் கைய விரிச்சிருது. நான் காரைக்குடி பக்கத்து கிராமத்துக்காரி, நூறு நாள் வேலைக்கு நடந்த சமூகத் தணிக்கையில (ஊர் மக்களே கணக்க சரி பாக்குறது) கொஞ்ச காலம் வேலை பாத்தவ, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

மொதல்ல சிஏஜி, அதாவது நாட்டோட தலைமை ஆடிட்டர். 1971ல போட்ட சட்டத்துல 18வது பிரிவுதான் அவருக்கு இருக்கிற பிடி. மத்திய, மாநில அரசோட எந்தக் கணக்கு ஆபீசுக்குள்ளயும் அவரோட ஆளுங்க போய்ப் பாக்கலாம், ட்ரெஷரி உட்பட. கணக்கு சம்பந்தப்பட்ட எந்தப் புக்கையும் பேப்பரையும் நாங்க சொல்ற எடத்துக்கு அனுப்புங்கன்னு கேக்கலாம், ஆபீஸ் பொறுப்புல இருக்கிறவர கேள்வி கேக்கலாம். அந்த அதிகாரி முழுசா, தாமதிக்காம குடுக்கணும்னும் அதே பிரிவுல இருக்கு. கூட்டிக் கழிக்கிறது மட்டும் சிஏஜி வேலை இல்ல, செலவழிச்ச காசு சிக்கனமாவும் பலனோடயும் போச்சான்னும் பாக்கலாம்னு 2012ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. இவ்வளவும் இருந்தும் எத்தன நாளைக்குள்ள குடுக்கணும்னு அந்தப் பிரிவுல கிடையாது, குடுக்கலன்னா என்ன தண்டனன்னும் கிடையாது.

அப்ப ஆடிட்டர் என்ன பண்ணுவாருன்னா, ஆவணங்கள் தணிக்கைக்கு முன்வைக்கப்படலன்னு ரிப்போர்ட்ல எழுதுவாரு. ரிப்போர்ட் பார்லிமெண்டுக்கோ சட்டசபைக்கோ போகும், அங்க பொதுக் கணக்குக் குழு எடுத்துப் பாக்கும், ஆளக் கூப்பிட்டு விசாரிக்கிறதும் ஃபைல வரவழைக்கிறதும் அவங்க கையிலதான் இருக்கு. அந்தக் குழு முன்னாடி விஷயம் வர்றதுக்குள்ள, அன்னைக்கு ஃபைல குடுக்காதவரு வேற ஊருக்கு மாறுதலாகிப் போயிருப்பாரு, இல்லாட்டி ரிட்டயரே ஆகிருப்பாரு.

எங்க பக்கத்துச் செட்டியாருங்க பர்மாவுலயும் மலேயாவுலயும் வட்டிக்கடை வச்சிருந்த காலத்துல முதலாளி கானாடுகாத்தான்லயோ தேவகோட்டையிலயோ இருப்பாரு, கடைய நடத்துற ஏஜெண்டு கடல் தாண்டி இருப்பாரு, மூணு வருஷக் கணக்கு முடிஞ்சு வர்றப்ப பேரேடும் ஐந்தொகையும் ஒப்படைச்சாகணும், அதுல வில்லங்கம்னா அது அந்த ஆளு பேருலதான் நிக்கும், அடுத்து யாரும் கூப்பிட்டு வேலை குடுக்க மாட்டாங்க. இன்னைக்கு அரசாங்கத் திட்டத்துல காணாமப் போன ரெக்கார்டுக்கு யார் பேருலயும் எதுவும் நிக்கிறதில்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் கோளாறு பூரா இங்கதான் இருக்கு.

கிராமத்துல இது எப்படி நடக்கும்னு சொல்றேன். 2005 வேலை உறுதிச் சட்டத்துல (2025 கடைசியில இதுக்குப் பதிலா புதுச் சட்டம் போட்டாங்க) 17வது பிரிவு, வேலைகள கிராம சபை தணிக்கை பண்ணணும்னு சொல்லுச்சு. 2011ல வந்த விதிகள்படி ஆறு மாசத்துக்கு ஒரு தடவயாவது நடக்கணும், கிராம சபைக்கு 15 நாள் முன்னாடியே ரெக்கார்டெல்லாம் தணிக்கை பண்றவங்க கைக்கு வந்துரணும்னு இருந்துச்சு. மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), எம்-புக் (வேலைய அளந்து எழுதுற புக்), ஜாப் கார்டு ரிஜிஸ்டர், வேலைக்கு அனுமதி குடுத்த ஆர்டர், பில்லு எல்லாம். ஒரு ஊராட்சிக்குப் போனோம், பேரு வேணாம். கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் வெட்டுனதா கணக்குல இருந்துச்சு. மஸ்டர் ரோல் கெடச்சிருச்சு, எம்-புக் மட்டும் வரல. ஊராட்சி ஆபீஸ்ல கேட்டா யூனியன் ஆபீஸ்ல இருக்கும்பாங்க, அங்க போனா ஓவர்சியர் கிட்ட இருக்கும்பாங்க, ஓவர்சியர் லீவுல இருப்பாரு.

எம்-புக் இல்லன்னா என்ன கெட்டுப்போச்சுன்னு தோணும். எத்தன மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் வெட்டுனாங்கன்னு எழுதியிருக்கிறது அதுல மட்டும்தான். வெட்டி ரெண்டு மழை பெஞ்சிருச்சுன்னா வரத்துக்கால்ல மண்ணு சரிஞ்சு மூடிரும், மேல சீமைக்கருவேல் மொளைச்சிரும், நீங்க டேப்ப எடுத்துட்டுப் போய் அளந்தாலும் எதோட ஒப்பிடுவீங்க? அதனால மஸ்டர் ரோல்ல இருக்கிற பேர வச்சு வீடு வீடாப் போய், ஜாப் கார்டையும் பாஸ்புக்கையும் பக்கத்துல வச்சு சரி பாத்தோம். ஒரு அப்பத்தா, அந்த வாரம் நான் மக வீட்டுல பள்ளத்தூர்ல இருந்தேனே ஆத்தா, எனக்கு எப்படி வருகை போட்டாங்கன்னு எங்களையே திருப்பிக் கேட்டாங்க. அந்த ஒரு கேள்விய நாங்க எழுதிக்கிட்டோம், ஆனா வேலையே நடந்துச்சா இல்லையாங்கிற பெரிய கேள்விக்கு எம்-புக் இல்லாம எங்களால பதில் எழுத முடியல. இப்பவும் அத நெனச்சா எனக்குக் கோவம் வருது, ஏன்னா வெயில்ல நின்னு நெசமா மண்ணு வெட்டுன பொம்பளைங்க மேலயும் சேர்த்துத்தான் சந்தேகம் விழுது.

இதுக்கு அந்தச் சட்டத்துல இருந்த தண்டனை 25வது பிரிவு, அதிகபட்சம் 1000 ரூபா அபராதம். அதுவும் கோர்ட்டுல நிரூபிச்சாத்தான்.

இப்ப தகவல் உரிமைச் சட்டத்தப் பாருங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி யார் வேணா கேக்கலாம், 30 நாள் கெடு, காரணமில்லாம குடுக்காட்டி அந்த அதிகாரி தன் கையிலருந்து நாளுக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரைக்கும் கட்டணும். தகவல் ஆணையத்துக்கு சிவில் கோர்ட் மாதிரி சம்மன் அனுப்பி ஆவணத்த வரவழைக்கிற அதிகாரமும் இருக்கு. ஒரு சாதாரண ஆள் கேட்டா கெடுவும் அபராதமும் இருக்கு, நாட்டோட தலைமை ஆடிட்டர் கேட்டா ரெண்டும் இல்ல. சிஏஜியா இருந்த வினோத் ராய் காலத்துலயே இத மாத்தச் சொல்லிக் கேட்டாங்க. அந்த 18வது பிரிவுல 30 நாள் கெடுவையும் தனி அபராதத்தையும் சேத்தா போதும், புதுசா பெரிய சட்டம் எதுவும் வேணாம்ங்கிறது என் கருத்து.

அமெரிக்காவுல 1978 சட்டப்படி ஒவ்வொரு பெரிய துறைக்கும் ஒரு இன்ஸ்பெக்டர் ஜெனரல் உண்டு, அவரு சம்மன் அனுப்பலாம், மதிக்கலன்னா கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கலாம். மெடிகேர்ங்கிற அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் காசு வாங்குற ஆஸ்பத்திரி, மருந்துக்கடை மாதிரி வெளி ஆளுங்களுக்குத்தான் அது பெரும்பாலும் பயன்படுது. அரசாங்க ஆபீசுகளுக்கு அவரு சம்மன் அனுப்ப முடியாது, நேராக் கேக்குற உரிமைதான். அந்த உரிமைக்கும் 2015ல பெரிய தகராறு வந்து, எல்லா ரெக்கார்டும்னா எல்லாமேதான்னு 2016ல தனிச் சட்டம் போட வேண்டியதாப் போச்சு. அங்க எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு நெனச்சுட வேணாம்னு சொல்லத்தான் இத சொல்றேன்.

ரெக்கார்டு கம்ப்யூட்டர்ல இருந்தா இழுத்தடிக்கிறது கஷ்டம், அதுக்கு ஆயுஷ்மான் பாரத்ங்கிற மத்திய அரசு மருத்துவ இன்சூரன்ஸ் பத்தி 2023ல வந்த சிஏஜி ரிப்போர்ட் ஒரு நல்ல உதாரணம். டேட்டாபேஸ் கைக்கு வந்ததாலதான் 9999999999ங்கிற ஒரே போன் நம்பர்ல கிட்டத்தட்ட 7.5 லட்சம் பேர் பதிவாயிருந்தது வெளிய வந்துச்சு. அதே சமயம் டேட்டாவ மொத்தமா வாங்குறப்ப ஒரு பயமும் இருக்கு. யாருக்கு என்ன நோய், யாருக்கு விதவை பென்ஷன்ங்கிறதெல்லாம் ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்ல. ஆடிட்டர் பாக்கலாம், அத வெளிய விடக்கூடாது. ஆடிட்டுங்கிற பேருல பென்ஷன் வாங்குற கிழவிய ஆபீசுக்கு அலையவிடவும் கூடாது, விசாரணை பணம் குடுத்த ஆபீசுலருந்துதான் ஆரம்பிக்கணும்.

உங்க ஊர்ல தணிக்கை கிராம சபை நடந்து ரெக்கார்டு வரலன்னா ஒண்ணு செய்யுங்க. வாயால சண்ட போட்டுட்டு வந்துராதீங்க. எந்த ரெக்கார்டு வரல, அது யார் பொறுப்புல இருக்கணும்னு தீர்மான நோட்டுல எழுதச் சொல்லுங்க, எழுதுற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க. பெறகு அந்தத் தீர்மானத்தோட நகலையும், அதே ரெக்கார்ட நேர்ல பாக்குறதுக்கும் சேத்து ஒரே மனுவுல ஆர்டிஐ போடுங்க. காணாமப் போச்சுன்னு பதில் வந்தா அந்தப் பதிலயே வச்சு, யார் பொறுப்புல இருந்து காணாமப் போச்சுன்னு கலெக்டருக்கு எழுதுங்க.