சினை எலிக்குப் பூஞ்சைக்கொல்லி கொடுத்தால் குட்டியின் தோலில் என்ன மாறும்?

வின்குளோசோலின் என்பது திராட்சை, ஸ்ட்ராபெரியில் வரும் சாம்பல் பூஞ்சணத்துக்கு அடித்த மருந்து. சினை எலிக்கு இதை ஊட்டினால், ஆண் குட்டியின் வயிற்றுத் தோலில் முலைக்காம்பு தங்கிவிடும். பெண் எலிக்கு 12 காம்பு. ஆணுக்கு ஒன்றும் கிடையாது. பிறந்து இரண்டு வாரத்துக்குள், முடி அடரும் முன், ஆண் குட்டியைப் புரட்டிப் பார்த்தால் கருத்த புள்ளிகளாகத் தெரியும்.

ஏன் இப்படி? காம்புக்கான மொட்டு கருவில் இருபாலுக்கும் உருவாகும். ஆணில் அதைக் கரைப்பது ஆண் ஹார்மோன்தான். இந்த மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் பொருட்கள், அந்த ஹார்மோன் ஒட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பஸ் சீட்டில் யாரோ துண்டு போட்டுவைத்த மாதிரி: ஹார்மோன் வந்து நிற்கும், உட்கார இடமிருக்காது. கர்ப்பத்தின் 14 முதல் 19 வரையான நாட்கள்தான் ரொம்ப முக்கியம்.

இதைத் தோல் அலர்ஜி என்று நினைக்கத் தோன்றலாம். அப்படி இல்லை; குட்டியின் தோலில் மருந்து நேரடியாகப் படவே இல்லை, தாயின் ரத்தம் வழியாகத்தான் வந்தது.