‘வளர்ந்தால் சரியாகும்’

கேள்வி: முதல், இரண்டாம் வகுப்பிலேயே படிப்பில் திணறும் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர், தனி நிதி வேண்டும் என்று எழுதிவருகிறீர்கள். சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும். அரசுப் பள்ளிகளிடம் இருப்பதே கொஞ்சம் பணம். அதைப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்குச் செலவிட்டால் தேர்ச்சியாவது கூடுமே?

பதில்: வளர்ந்தால் சரியாகும் என்று சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளைக் கைவிட்டிருக்கிறோம். கானி ஜூயல் என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்காவின் டெக்சாஸில் 54 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை கவனித்து, 1988-ல் முடிவை வெளியிட்டார். முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்க 88 விழுக்காடு வாய்ப்பு. ஒரே பள்ளி, சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

இரண்டாம் வகுப்பில் இப்படி ஒரு சிறுமி இருப்பாள். பாடத்தைக் கடகடவென்று சொல்வாள், விரலும் வரிமேல் ஓடும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்னம்மா?’ என்று கேளுங்கள். திகைத்து நிற்பாள். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள், எழுத்துக்கூட்டத் தெரியாது. 40 பேர் இருக்கும் வகுப்பில் இது எளிதில் கண்ணில் படாது. அடுத்த ஆண்டு பாடம் நீளும், மனப்பாடம் கைகொடுக்காது. வாசிக்கும் முறை தன் பக்கம் வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போகக் கேட்பாள். கூட்டல் கழித்தல் தெரிந்தும், வாக்கியக் கணக்கை வாசிக்க முடியாமல் விட்டுவிடுவாள். நீங்கள் சொல்கிறபடி பத்தாம் வகுப்பில் அவளை உட்கார வைத்து வினா-விடைத் தாளைக் கொடுத்தால், அதையும் மனப்பாடம்தான் செய்வாள்.

இனி பணம். நான்கு பிள்ளைகள் கொண்ட குழு, நாளுக்கு அரை மணி நேரம், வாரம் நான்கு நாள், 20 வாரம். மொத்தம் 40 மணி நேரம். ஓர் ஆசிரியர் நாளுக்கு ஐந்து குழு எடுத்தால் 20 பிள்ளைகள், ஆண்டில் இரண்டு சுற்று நடந்தால் 40 பிள்ளைகள். அதாவது ஒரே ஒரு ஆசிரியரின் சம்பளம். ஒரு பிள்ளை தோற்று அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தால், அந்த ஒருவருக்காகவே பள்ளி முழு ஆண்டுச் செலவையும் இன்னொரு முறை செய்கிறது. அந்தச் செலவு தனித் தலைப்பில் எழுதப்படுவதில்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதும் முக்கியம். குறைபாடு என்று சான்று கிடைத்த பிறகே சிறப்புக் கல்வி நிதி என்றால், பிள்ளை சான்றுக்குத் தகுதி பெறும் அளவுக்குத் தோற்கும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2004-ல் தன் சட்டத்தைத் திருத்தி, கூட்டரசு தரும் சிறப்புக் கல்வி நிதியில் 15 விழுக்காடு வரை அந்த முத்திரை விழாத பிள்ளைகளுக்கும் செலவிட வழிவிட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் புதுப் பணம் வரவில்லை, ஏற்கெனவே போதாத தொகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பின்லாந்தில் சான்று இல்லாமலேயே பகுதிநேரச் சிறப்பு ஆசிரியரின் உதவி பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்தது. ஐந்தில் ஒரு பிள்ளைக்கும் மேல் அதைப் பெற்றார்கள். அத்தனை பேர் போகும் அறைக்குப் போவதில் யாருக்கு என்ன வெட்கம்?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் செலவிடுங்கள், சின்னவர்களின் பங்கைப் பிடுங்காமல் செலவிடுங்கள். அடுத்த பள்ளிக் கூட்டத்தில் ‘நிதி வந்ததா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வாரம் எத்தனை மணி நேரம் தனி ஆசிரியர் இருக்கிறார், அவர் விடுப்பில் போனால் யார் வருகிறார், இந்த மாதம் எந்தெந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கிறது என்று கேளுங்கள்.